214-ன் இடது கை

நர்ஸ் உறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ரெண்டு வருஷத்துல ஒரு உறையைக்கூடப் பிரிச்சதில்ல மேடம். பிரிக்காம காவல் காக்கறதுதான் எங்க வேலையே" என்றாள்.

"பிரிங்க சிஸ்டர். மணி ஒண்ணு பத்து" என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் ரேடியோவுக்கு அண்ணி. ஊருக்கெல்லாம் மேடம். பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, பரீட்சை ஹாலில் பிட் அடித்தவர்களை முதுகைப் பார்த்தே பிடித்தவள். அந்தக் கண்ணை வீணடிக்கக் கூடாது என்று துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். ஆபீசில் மொத்தம் இரண்டு பேர். இரண்டாவது ஆள் அவள் கணவனின் தம்பி. வாய் ஓயாது என்பதால் வீட்டில் ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். முப்பத்தாறு வயதாகியும் அதை அணைக்கிற சுவிட்ச் யார் கையிலும் அகப்படவில்லை.

இன்றைக்கு அந்த ரேடியோவே சுரத்தில்லாமல்தான் இருந்தது. காலையில் ஆபீசுக்கு வந்த பெண்ணின் முகம் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவள் கணவர் ஒரு பால் ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவர். பெரியவர்களுக்கான பழைய தடுப்பூசியை, உருமாறி வந்த புதுக் கிருமிக்கு ஏற்றபடி மாற்றிச் செய்து, தாமாக முன்வருகிறவர்களுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் அவர் 214-ஆம் எண். முதல் ஊசி போன மாதம். இரண்டாம் ஊசி முந்தாநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. அன்று இரவே காய்ச்சல். மறுநாள் மூச்சுத் திணறல். இப்போது ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு நினைவில்லாமல் கிடக்கிறார்.

ஆஸ்பத்திரி டாக்டருக்கு இதில் சந்தேகமே இல்லை. ஊசிக்கு உடம்பு எக்கச்சக்கமாக எதிர்ப்புக் காட்டுகிறது, அதை அடக்குகிற மருந்தை நாலு மணிக்கு ஏற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். "ஊசியாலதான்னா அந்த மருந்து அவரைக் காப்பாத்தும். வேற கிருமி எதாவது உள்ளே இருந்தா, அதோட சண்டை போடற உடம்போட கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும்" என்றும் சொன்னாராம்.

அந்தப் பெண் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "முதல் ஊசிக்கு அவரால இடது கையைத் தூக்கவே முடியல மேடம். ரெண்டு நாள் நான்தான் சட்டை மாட்டி விட்டேன். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அதே இடது கையால தண்ணி கேனைத் தூக்கிட்டு ரெண்டு மாடி ஏறினார். ஏதோ மாத்திப் போட்டுட்டாங்க. டாக்டர் காதுலயே வாங்க மாட்டேங்கறார்."

மாற்றிப் போட்டார்களா என்பதற்குத்தான் இந்த உறை. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, போடுகிற நர்சுக்கும் தெரியாது. உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் அந்த எண்ணின் உறையைப் பிரிக்கலாம்.

நர்ஸ் உள்ளேயிருந்த சீட்டை மேஜை மேல் வைத்தாள்.

*மருந்து.*

"போச்சுடா" என்றான் ரேடியோ.

"குப்பி நம்பரும் சரியா இருக்கு மேடம். வந்தது, போட்டது, மிச்சம், எல்லாத்தையும் ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டோம். எங்க பக்கம் தப்பே இல்ல" என்றாள் நர்ஸ். சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது. "நல்ல மனுஷன் மேடம். போன தடவை இந்தக் காய்ச்சல் பரவினப்போ அவர் தம்பி போயிட்டாராம். என் கையை எடுத்துக்குங்க, இன்னொருத்தன் தம்பி பிழைக்கட்டும்னு சொன்னார்."

அண்ணி 214-க்கு ஊசி போட்ட இரண்டு நாளும் எழுதின தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற அதே பார்வை. ரேடியோவுக்கு அந்தப் பார்வை தெரியும். அண்ணிக்கு மூக்கில் வேர்க்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"முதல் தடவை ரத்த அழுத்தம் நூத்தி ஐம்பத்திரண்டு. ரெண்டாம் தடவை நூத்திப் பதினெட்டு."

"ஆமா மேடம். நானே பாராட்டினேன். உப்பைக் குறைச்சீங்களான்னு கேட்டேன், சிரிச்சார்."

"கூப்பிட்டதும் எழுந்து வந்தாரா?"

நர்ஸ் யோசித்தாள். "முதல் தடவை நாலு தரம் கத்த வேண்டியிருந்தது. பாய்லர் சத்தத்துல காது மந்தமாயிடுச்சுன்னு சொன்னார். செவ்வாய்க்கிழமை கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தார். ஒரே குரல்தான், வந்துட்டார்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"எல்லாரும் மாஸ்க் போட்டுட்டுத்தானே வரணும்? அட்டை கொண்டு வந்தார். பிறந்த தேதி கேட்டேன், டக்குன்னு சொன்னார்."

அண்ணி தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். "தம்பி, வண்டியை எடு. பால் ஆலைக்கு."

வண்டி ஓட்டுகிறபோது ரேடியோவால் சும்மா இருக்க முடியாது. "குப்பி சரி, ஊசி சரி, உறையும் சரி. அந்தம்மா சொல்ற தண்ணி கேன்?"

"அதுவும் சரி."

"எல்லாரும் சரின்னா அப்புறம் யாருதான் அண்ணி தப்பு? நானா? எனக்கு அந்த நேரத்துல பல் டாக்டர்கிட்ட வேலை இருந்தது, சாட்சி இருக்கு."

"ரோட்டைப் பாரு."

ஆலை வாசலில் இறங்கும்போது மணி ஒன்று ஐம்பத்தைந்து. மேற்பார்வையாளர் வாட்டசாட்டமான ஆள். போலீசா என்று கேட்டார். பாய்லர்காரரின் உயிர் விஷயம் என்று அண்ணி சொன்னதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளே கூட்டிப் போனார்.

பாய்லர் அறை அனல் கக்கியது. சுவரோரமாக ஒரு சாய்வு மேஜை. அதன் மேல் எண்ணெய்க் கறை படிந்த நீளமான நோட்டு.

"அரை மணிக்கு ஒரு தடவை அழுத்தம் என்ன, தண்ணி மட்டம் என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். போடலன்னா சட்டப்படி பாய்லரை நிறுத்திடணும்" என்றார் மேற்பார்வையாளர்.

"செவ்வாய்க்கிழமை."

பக்கம் புரண்டது. பத்து மணி, கையெழுத்து. பத்தரை, கையெழுத்து. பதினொன்று, கையெழுத்து. பதினொன்றரை. எல்லாம் ஒரே கை, ஒரே கிறுக்கல்.

"இது அவர் கையெழுத்துதானா?"

"அவரேதான். நானே பக்கத்துல நின்னேன். வருஷாந்திர ரிப்பேர் முடிஞ்சு அன்னிக்குத்தான் பாய்லரைத் திரும்ப ஏத்தினோம். அந்த ஷிப்ட்டுல லைசென்ஸ் உள்ள ஆள் அவர் ஒருத்தர்தான். மூத்திரம் போகக்கூட ஓடிப்போய் ஓடி வந்தார் மனுஷன்."

ரேடியோ மனசுக்குள் கணக்குப் போட்டான். பத்தே முக்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் கிளினிக்கில் உட்கார்ந்திருந்து, பதினொன்றே காலுக்கு வெளியே வந்த 214, அதே நேரத்தில் இங்கே பாய்லர் முன்னால் வேர்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"உறை பொய் சொல்லல தம்பி. 214 என்ன வாங்கிச்சுன்னு சொல்லிச்சு. அந்த 214 யாருன்னு நாமதான் கேட்கல" என்றாள் அண்ணி.

"ஆள்மாறாட்டமா? பரீட்சைக்குப் போவாங்க, பாஸ்போர்ட்டுக்குப் போவாங்க. ஊசிக்கு யாராவது ஆள் அனுப்புவாங்களா அண்ணி? எனக்கு மட்டும் இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா சின்ன வயசுல எத்தனை ஊசிக்கு அண்ணனை அனுப்பியிருப்பேன்!"

அண்ணி மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினாள். "இங்கே ஒருத்தருக்கு அவசர வேலைன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஷிப்ட் மாத்திக்குவாங்க. சட்டப்படி எங்கிட்ட எழுதிக் கொடுக்கணும். யார் கொடுக்கறா? இவன் வருகையை அவன் அடிச்சுடுவான். மெஷின்ல பிறந்த தேதியை அழுத்தணும், அவ்வளவுதான். இவனுங்களுக்குப் பொண்டாட்டி பிறந்தநாள் மறக்கும், கூட்டாளி பிறந்த தேதி மறக்காது."

"வழக்கமா வேலையை மாத்திக்குவாங்க. செவ்வாய்க்கிழமை பாய்லரை மாத்த முடியல. அதனால ஊசியை மாத்திக்கிட்டாங்க" என்றாள் அண்ணி. "செவ்வாய்க்கிழமை காலையில சும்மா இருந்தவங்க யாரு?"

"மதிய ஷிப்ட்டுக்காரங்க. இப்ப கேன்டீன்லதான் இருக்காங்க. இடது பக்க மேஜை பூரா அவங்கதான்."

மணி இரண்டு பன்னிரண்டு.

கேன்டீனில் முப்பது முப்பத்தைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "செவ்வாய்க்கிழமை பாய்லர்காரருக்குப் பதிலா ஊசி போட்டுக்கப் போனது யாரு? அவர் உயிருக்குப் போராடிட்டிருக்கார். சொல்லித் தொலைங்க!"

அத்தனை தலையும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டன. காட்டிக் கொடுக்காமல் பழகிப்போன கூட்டம். வேலை போய்விடுமோ, கூட்டாளிக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஒவ்வொருவராய்த் தனியே கூப்பிட்டு விசாரித்தால் பொழுது விடிந்துவிடும்.

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் உதடு காய்ந்திருந்ததை ரேடியோ கவனித்தான். அண்ணியை அப்படி அவன் பார்த்ததே இல்லை. சட்டென்று அவனுக்குப் பொறி தட்டியது.

"அண்ணி, முதல் ஊசிக்கு அந்தண்ணனால ரெண்டு நாள் கையைத் தூக்க முடியலன்னு சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"இப்பவும் உள்ளே போனது மருந்துதானே?"

அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் அவன் போய்விட்டான்.

முதல் ஆளின் இடது தோளில் பளீரென்று ஒரு தட்டு. "அண்ணே, சௌக்கியமா?" அடுத்த ஆள். தட்டு. "எப்ப வந்தீங்க?" அடுத்த ஆள். தட்டு. "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"யோவ், யாருய்யா நீ?" என்றான் ஒருவன்.

"தூரத்துச் சொந்தம்ணே. நல்லது கெட்டதுக்கு மட்டும் வருவேன்."

தட்டு. தட்டு. தட்டு. ஒருவன் திருப்பி அறைய எழுந்தான். ரேடியோ குனிந்து தப்பித்து அடுத்த மேஜைக்குத் தாவினான். வாய் சிரித்தது. மனசு மட்டும் எண்ணிக்கொண்டே வந்தது. பதினேழு பேர் ஆகிவிட்டது. இது பலிக்காவிட்டால் வேறு வழியே கிடையாது.

பதினெட்டாவது ஆள் கடைசியில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒல்லி. நாற்பது வயதிருக்கும். தட்டில் கை வைத்தபடியே இருந்தார், ஒரு வாய் உண்ணவில்லை.

"அண்ணே, எப்படி..."

"ஆஆ!"

கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அந்த ஆள் இடது கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ரேடியோ அவர் முன்னால் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. உங்க கையாலதான் ஒரு உயிர் பிழைக்கணும். வாங்க."

அந்த ஆலையில் குழாய் வேலை பார்க்கிறவர். பைப் என்று கூப்பிட்டார்கள். வண்டியில் ஏறின பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது.

"அன்னிக்கு ஊசிக்குப் போகலன்னா பேரை எடுத்துடுவாங்கன்னு பயந்தார்ங்க. தம்பிக்காகச் சேர்ந்தேன், பாதியில விட்டா அவன் முகத்துல எப்படி முழிப்பேன்னு அழாக்குறையா கேட்டார். நான்தான், அட்டையைக் கொடுங்க, ஒரு ஊசிதானேன்னு சொன்னேன். அவருக்கு உடம்பு சரியில்லன்னு நேத்துதான் தெரியும். ஊசி போட்டதுனாலன்னு பேசிக்கிட்டாங்க. போட்டுக்கிட்டது நானாச்சேன்னு ராத்திரி பூரா தூங்கல. சொன்னா அவரை எல்லாரும் மோசடிக்காரன்னு சொல்லிடுவாங்களேன்னு..."



அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்த மனைவிக்கு போன் போட்டு, டாக்டர் கையில் கொடுக்கச் சொன்னாள். டாக்டரின் குரல் கறாராக வந்தது. "யாரோ போன்ல சொல்றதை வெச்சு நான் மருந்தை நிறுத்த முடியாது. ஆளைக் கொண்டு வாங்க. நாலு மணி வரைக்கும் பொறுப்பேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட முடியாது, அவர் நிலைமை அப்படி."

மணி இரண்டு ஐம்பது. வழியெல்லாம் நெரிசல். ஒரு லாரி குறுக்கே நின்றது. ரேடியோ வாழ்நாளில் முதல் தடவையாக நாற்பது நிமிஷம் வாயைத் திறக்காமல் வண்டி ஓட்டினான். கடைசி சிக்னலில் அண்ணியே கேட்டுவிட்டாள்.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?"

"பயமா இருக்கு அண்ணி."

"எனக்கும்தான். ஓட்டு."

மூன்று ஐம்பத்து மூன்றுக்கு அவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலுக்கு ஓடினார்கள். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் தள்ளு மேஜையில் மருந்து தயாராக இருந்தது. பைப் ஒரு வார்த்தையும் பேசாமல் சட்டைக் கையைச் சுருட்டினார். இடது தோளுக்குக் கீழே சின்ன பிளாஸ்திரி, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. பாக்கெட்டிலிருந்து கிளினிக் கொடுத்த குறிப்பேட்டையும் எடுத்துக் கொடுத்தார். மேலே பாய்லர்காரர் பெயர். உள்ளே இரண்டு நாளாகச் சாயந்திரம் ஆறு மணிக்குப் பார்த்த காய்ச்சல், சிவப்பின் அகலம், வலி. ஒன்றுகூட விடாமல் எழுதியிருந்தது.

டாக்டர் அதைப் படித்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"அப்ப உள்ளே படுத்திருக்கறவர் செவ்வாய்க்கிழமை ஊசியே போட்டுக்கல?"

"இல்லீங்க."

"அப்ப இது என்ன?" என்று டாக்டர் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு பைப்பிடம் திரும்பினார். "கடந்த பத்து நாள்ல அவர் என்ன வேலை பார்த்தார்? வழக்கமில்லாத வேலை எதாவது?"

"ரிப்பேர் வேலைங்க. போன வாரம் கூலிங் டவரைச் சுத்தம் பண்ணினோம். தண்ணியைக் குளிர வைக்கிற பெரிய தொட்டி. ஒன்பது மாசமா மூடிக் கிடந்தது. நான் வெளியே பைப்பைக் கழட்டினேன். அவர் உள்ளே இறங்கிக் குழாயால பீய்ச்சி அடிச்சார். ஒரே பனி மூட்டம் மாதிரி இருந்தது. மாஸ்க்குல கண்ணாடி மங்குதுன்னு கழட்டிட்டார்."

டாக்டர் அடுத்த நொடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "அந்த மருந்தை எடுத்துட்டுப் போங்க! சிறுநீர் டெஸ்ட், உடனே! தேங்கின தண்ணியில வளர்ற கிருமி. பனி மாதிரி பறக்கற அந்தத் தண்ணியை உள்ளே இழுத்தா நுரையீரல்ல உட்கார்ந்துக்கும். இதுக்கு மருந்தே வேற!"

கதவு மூடியது.

வெளியே நால்வர் நின்றார்கள். பாய்லர்காரர் மனைவி இவ்வளவு நேரமும் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்ல பைப் முன்னால் வந்தாள்.

"அவருக்குப் பதிலா ஆலையில வருகை அடிச்சீங்க. அவருக்குப் பதிலா ஊசி போட்டுக்கிட்டீங்க. இப்ப உள்ளே போய் அவருக்குப் பதிலா மூச்சு விடுங்கண்ணே. விடுங்க பார்ப்போம்."

பைப் தலை குனிந்து அழுதார். யாரும் யாரையும் தேற்றவில்லை.

நாலே கால் ஆயிற்று. நாலரை ஆயிற்று. செய்தி கேட்டுக் கிளினிக் நர்சும் ஓடி வந்துவிட்டாள். பைப் சொன்னதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, ஏழு நாள் டைம் இருக்கே! அந்த வாரத்துல எந்த நாள் வேணும்னாலும் வந்திருக்கலாம். ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே! அட்டையில பின்பக்கம் போட்டிருக்கே!"

பைப் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். போட்டிருந்தது.

நாலு நாற்பதுக்கு டாக்டர் வெளியே வந்தார். "அதே கிருமிதான். சரியான மருந்து ஏத்தியாச்சு. அந்த நாலு மணி மருந்தைப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இன்னும் ரெண்டு மூணு நாள் கஷ்டம்தான்மா. ஆனா பிழைச்சுக்குவார்னு நம்பறேன். தொட்டி வேலையில கூட இருந்த மத்த ஆளுங்களையும் இன்னிக்கே பார்க்கணும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆறு மணிக்கு பைப்பின் செல்போனில் அலாரம் அடித்தது. அவர் பதறிப்போய் அணைத்தார். என்ன என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"காய்ச்சல் பார்க்கற நேரம்" என்றார் மெல்லிய குரலில். "இனிமே எதுக்கு. விடுங்க."

"எதுக்கா?" என்றாள் நர்ஸ். "இந்தக் குறிப்பு எங்க சோதனைக்கு உதவாது, அதைத் தள்ளிடுவாங்க. ஆனா முதல் ஊசி இல்லாம ரெண்டாம் ஊசி போட்டுக்கிட்ட உடம்பு இது. தினம் பார்த்தே ஆகணும். வைங்க."

அவர் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது கூவியதும் எடுத்துப் பார்த்தார். முப்பத்தேழு புள்ளி ஒன்பது. பழக்க தோஷத்தில் குறிப்பேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். மேலே இருந்த கூட்டாளியின் பெயரைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது.

பாய்லர்காரர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். குறிப்பேட்டை அவர் கையிலிருந்து வாங்கி ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள். அப்படியே விரித்தபடி திருப்பிக் கொடுத்தாள்.

"இது அவருக்கு வந்த காய்ச்சல் இல்லண்ணே, உங்களுது. உங்க பேரைப் போட்டு எழுதுங்க."